சோலைவரி

எட்டு மீற்றர் நாடாவின் நுனியை
அணியத்தில் பிடிக்கச் சொன்னேன் நீக்கிலாசிடம்.
கடையார் வரை எட்டவில்லை.
விட்ட இடத்தில் வெண்கட்டியால் கோடு கிழித்து
மறுபடி இழுத்தோம்.
பதினாலு மீற்றர் முப்பது.
"மிஸ், இது முழத்திலை கட்டினது,
மீற்றருக்குச் சரிவராது."

பிரதேச சபைப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
வீடு. வியாபாரக் கட்டிடம்.
மூன்றாவது கேள்வி, அத்திவாரம் எதனால் ஆனது.
போன வருடம் வந்திருந்தால்
தண்ணீர் என்று எழுதியிருப்பேன்.
இப்போது நான்கு கொங்கிறீற்றுத் தூண்களில்
ஊர்காவற்றுறைக் கரையில்
பல்லுப் பிடுங்க வந்தவரைப்போல்
வாயைத் திறந்து இருக்கிறது.

உரிமையாளர் சற்குணராசா ஒஸ்லோவிலிருந்து கதைக்கிறார்:
"தங்கச்சி, அது வள்ளமெல்லோ.
வள்ளத்துக்கு ஆர் சோலைவரி கேக்கிறது?"
கரையோரக் கந்தோருக்கு அவரே எழுதிய கடிதம்
என் கோவையில் இருக்கிறது:
மேற்படி பொருள் இனிமேல் மிதக்காது.

இனிமேல் மிதக்காத பொருள்
முன்னர் சுமந்தவற்றை நீக்கிலாஸ் சொல்லச் சொல்ல
படிவத்தின் பின்பக்கத்தில் குறித்தேன்,
வரிக்கு வேண்டாத பக்கம்:
அனலைதீவுப் புகையிலைச் சிப்பம்.
எழுவைதீவுக்குச் சீமெந்து, திரும்பி வர ஆடுகள்.
ஒருமுறை ஒரு கோயில் மணி,
வழியில் அடித்துவிடாதபடி
நாக்குக்குச் சாக்குக் கட்டி.
சோளகத்தில் பாய். பிறகு லிஸ்ரர் எஞ்சின்.
பிறகு மண்ணெண்ணெய், போத்தல் கணக்கில்.
பிறகு ஆட்கள்,
விளக்கில்லாமல், எண்ணாமல்.

நானும் ஓர் இரவு கடந்தவள்தான்.
அது கிளாலி, அது பிளாஸ்ரிக் படகு,
ஞாபகத்தில் இருப்பது ஒரு சிவப்பு வாளி.
இது அதில்லை.
ஆகவே கை வைத்துப் பார்க்கவில்லை.
நாடா மட்டும் தொட்டது.

சரக்கறையில் இரட்டைக் கட்டில்.
எஞ்சின் இருந்த குழியில் சவர்.
பாய்மரத்தின் மேல்துண்டு துவாய் போடும் தடி.
சுரண்டும்போது பச்சைக்கு அடியில் நீலம்,
நீலத்துக்கு அடியில் 'கதிரமலை',
அதற்கும் அடியில் 'சந்தனமாதா'.
இன்றைய பலகையில் இரண்டு ஆங்கிலச் சொற்கள்.
இரண்டாவதில் ஓரெழுத்து குறைவு.

கடையார்ப் பக்கம் மூன்று துளைகள்,
இலுப்பைக் குற்றி அடித்து
பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தவை.
மறைக்காதையுங்கோ என்றாராம் ஒஸ்லோ,
சுத்தி ஒரு சின்ன லைற் போடுங்கோ,
வாறவை படம் எடுப்பினம்.
மூன்றுக்கும் போட்டிருந்தது.

"அதிலை ஒண்டு, மிஸ்,
போன கிழமை சவருக்குக் குழாய் விடேக்கை
என்ரை ட்றில் பிழைச்சது."
"எது?"
சிரித்தார். நான் குனிந்து
மூன்றையும் ஒருதரம் பார்த்தேன்.
மூன்றிலும் ஒரே மஞ்சள் வெளிச்சம்.

சுவர் என்ற இடத்தில் மரம் என்று எழுதினேன்.
என்ன மரம் என்று படிவம் கேட்கவில்லை.
ஏராவுக்கு வேம்பு, பலகை இலுப்பை,
வங்குக்கால் மருது.
சோலைவரி என்ற பெயருக்கு
இந்தத் தீவில் இதைவிடப் பொருத்தமாய்
நான் இதுவரை அளந்ததில்லை.

கடைசிக் கேள்வி: நிரந்தரமா, தற்காலிகமா?
கீழே குந்தித் தூண்களைப் பார்த்தேன்.
நாலிலும் பூட்டாணிக்குத் துளை விட்டிருந்தது.
பூட்டாணி இல்லை.

"அவர் கேக்கேல்லை," என்றார் நீக்கிலாஸ்,
சுவிங்கத்தை மற்றக் கன்னத்துக்கு மாற்றி.

'நிரந்தரம்' என்பதில் சரி போட்டேன்.
குறிப்புக்கென விட்ட மூன்று வரியில்
எதுவும் எழுதவில்லை.
ஒப்பம் வைத்து, கிழித்து, பிரதியைக் கொடுத்தேன்.
முதல் தவணை மார்கழி முப்பத்தொன்றுக்கு முன்னர்.
அதற்கு முன்னர்
மழை வரும்.